குடலிறக்கத்துக்கு அப்பா சொன்ன வார்த்தை

ஓபி டெஸ்க் வேலைக்கு வரப்போகும் ஜூனியர்களே, பயோடேட்டாவில் 'ஹிந்தி தெரியும்' என்று மட்டும் அடித்து விடாதீர்கள். நான் அடித்துவிட்டேன். கும்பகோணத்தில் ஒரு பிரைவேட் ஹாஸ்பிடலில் சேர்ந்த முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

வலங்கைமான் பக்கம் நடவுக்கு வந்திருந்த பீகார்க்காரர் ஒருவரை மேஸ்திரி பைக்கில் வைத்துக் கூட்டிவந்தார். ஆள் நிமிரவே முடியாமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாந்தி வேறு.

"ஆந்த் உதர் கயீ, பாபு... ஆந்த் உதர் கயீ."

டெஸ்க் சீனியர் செல்வி அக்கா கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயர் அடிக்கத் தயாராக இருந்தார். "ஆந்திராவா, உத்தரப் பிரதேசமா? ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லு."

"பீகாருங்க" என்றார் மேஸ்திரி.

"அப்புறம் ஏன் ரெண்டு ஊரு பேரச் சொல்றாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கற்றதெல்லாம் சினிமா ஹிந்தி. அதில் 'உதர்' என்றால் 'அங்கே'.

"எதுவோ அங்க போயிடுச்சாம்க்கா."

"எது? பஸ்ஸா? நல்லா கத்துக்கிட்டு வந்த போ!"

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குவைத்தில் குடோன் வேலை பார்க்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருடைய ரூமில் எல்லோரும் ஹிந்திக்காரர்கள். ஸ்பீக்கரில் போட்டு, போனை அந்த மனிதரின் வாயருகே நீட்டினேன். அப்பா 'பாய்' என்று கூப்பிட்டு என்னவோ கேட்டார். அவர் சொன்னதும் அப்பாவின் குரல் மாறியது.

"தம்பி, 'ஆந்த்'னா குடல், 'உதர் கயீ'ன்னா இறங்கிடுச்சு. குடல் இறங்கிடுச்சுங்கறாரு. எப்பவும் படுத்தா உள்ள போயிடுமாம், இன்னைக்குப் போகலையாம். நிக்காத, டாக்டர்கிட்ட ஓடு!"

ஓடினேன். சர்ஜன் வந்து தொட்டுப் பார்த்தார். "ஹெர்னியா. குடல் சிக்கிக்கிச்சு. தியேட்டர் ரெடி பண்ணுங்க." இன்னும் தாமதித்திருந்தால் குடலை வெட்டி எடுத்திருக்க வேண்டுமாம். வெட்டாமலே காப்பாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் கெத்தாக மறுபடி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"மாஸ் பண்ணிட்டீங்கப்பா. ஹிந்தியில குடலிறக்கம் வரைக்கும் தெரியுமா?"

"அரபியிலயும் தெரியும்டா. ஃபத்க்" என்று சிரித்தார்.

"அத எதுக்குக் கத்துக்கிட்டீங்க?"

சிரிப்பு நின்றது. பின்னால் குடோனில் யாரோ பெட்டி இறக்கும் சத்தம்.

"அப்பா?"

"அடிவயித்துல பெல்ட் போட்டிருக்கேன் தம்பி. படுத்தா உள்ள போயிடுது. அம்மாகிட்ட சொல்லிடாத."

காலையில் டெஸ்க் முன்னால் கேட்ட அதே வார்த்தைகள்.

அங்கே ஏதோ ஒரு கிளினிக்கில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரியாத பாஷையில் அப்பாவும் இப்படித்தான் நின்றிருப்பார். அவரிடம் முதலில் ஊரைக் கேட்டார்களா, வலியைக் கேட்டார்களா? அன்று முதல் நான் யாரிடமும் ஊரை முதலில் கேட்பதில்லை. கை எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். நீங்களும் அதையே பாருங்கள்.

அப்பா கான்ட்ராக்ட் முடியட்டும் என்கிறார். தினமும் போனில் "உள்ள போகுதாப்பா?" என்று கேட்கிறேன். "போகுது, போகுது" என்கிறார். போனில் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. அவர் வந்து என் டெஸ்க் முன்னால் நிற்க வேண்டும். ஹிந்தியும் வேண்டாம், அரபியும் வேண்டாம். "குடல் இறங்கிடுச்சு தம்பி" என்று தமிழில் என்னிடம் சொல்ல வேண்டும்.