படத்துக்காக நட்ட மரம்

பிஹூன் கிழவர் தலாத்தோவுக்கு இரவலாகக் கொடுத்த நிலத்தில் முதல் வருடம் ஆடுகூட வாய் வைக்கவில்லை. வைக்க என்ன இருந்தது? சரளையும் வெடிப்பும்தான். அவருடைய மகன்கள் பத்து வருடம் பருத்தி போட்டு, களைக்கொல்லி அடித்து, சக்கையாகப் பிழிந்துவிட்டுக் கைவிட்ட மண் அது. வடக்கே யாத்தெங்காவின் வறட்சிக்குத் தப்பி, பருத்தி விளையும் ஹூந்தே பக்கம் வந்த விதவைக்கு இதுவே அதிகம் என்று அவள் தலையில் கட்டினார்கள். அவளும் வாங்கிக்கொண்டாள்.

வாடகை கிடையாது. அறுப்பு முடிந்ததும் ஒரு கோழியும் ஒரு கூடைச் சோளமும் கொண்டுபோய் வைக்கவேண்டும். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: இரவல் நிலத்தில் மரம் நடக்கூடாது. மரம் நடுகிறவன் இந்த மண் என்னுடையது என்று சொல்கிறான் என்றுதான் அங்கே அர்த்தம். தானாக முளைத்தால் குற்றமில்லை, அது நிலத்துக்காரரைச் சேரும்.

தலாத்தோ நடவில்லை. முளைத்ததைப் பிடுங்காமல் விட்டாள், அவ்வளவுதான். ஆடுகள் ஸாங்கா மரத்துக் காயைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டன. மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெயில்காலத்தில் தழைக்கிற கோணல்புத்தி மரம் அது. அதனால் பருத்திக்கு வெளிச்சமும் கிடைத்தது, எருவும் கிடைத்தது. அவள் குழி குழியாக வெட்டி, குழிக்கு ஒரு பிடி சாணம் போட்டாள். காய்ந்த பருத்திச் செடிகளைக் கொளுத்தாமல் மண்ணிலேயே பரப்பினாள். குப்பையில் பயிர் வைக்கிறாள் என்று ஊர் சிரித்தது. ஒன்பதாவது வருடம் ஊரிலேயே நல்ல பருத்தி அவளுடையது. சிரித்தவர்களுக்கெல்லாம் கண் உறுத்தியது.

அந்த வருடம் கோழியைத் தூக்கிப் பார்த்த பிஹூன், "இது என்னம்மா, உன்ன மாதிரியே யாத்தெங்காவுலேர்ந்து நடந்தே வந்துச்சா? எலும்பும் தோலுமா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு இருக்கிற ரெண்டு பல்லுக்கு இது போதும் ஐயா" என்றாள் தலாத்தோ. கிழவர் இருமும்வரை சிரித்தார்.

பிறகுதான் பாரிஸிலிருந்து கிளெமான்ஸ் வந்தாள். துணிகளுக்கு உரு வரைகிறவள். மண்ணைக் கெடுக்காத பருத்தியில்தான் அவளுடைய கம்பெனி துணி நெய்யுமாம். கீழே கிடந்த ஸாங்கா காய் ஒன்றை எடுத்து, அதன் சுருளை அரைமணி நேரம் நோட்டில் வரைந்தாள். நல்ல பெண்தான். கெட்டவளாக இருந்திருந்தால் தலாத்தோ சுதாரித்திருப்பாள்.

வண்டியிலிருந்து ஒரு மரக்கன்று இறங்கியது. கம்பெனியின் ஊர் அதிகாரி இஸூஃப், தலைநகரத்துக்காரன், அதை அவள் கையில் திணித்தான்.

"நடுங்க அக்கா. படம் எடுக்கணும்."

"நாங்க நடக்கூடாது தம்பி. நிலம் இரவல்."

"ஒரு நிமிஷ வேலை. அவங்க போனதும் பிடுங்கிப் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் நட்டாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். சாயங்காலம் தனியாக வந்து கன்றைப் பிடுங்கி, குழியை மிதித்து மூடினாள். உயிருள்ளதைப் பிடுங்கினோமே என்று அன்று சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை.

அடுத்த மழை வருவதற்குள் பிஹூன் போய்ச் சேர்ந்தார். நாற்பது நாள் கழிந்ததும் மூத்த மகன் தோஃபினி கைப்பேசியோடு வயலுக்கு வந்தான். கம்பெனி போட்டிருந்த படம். கன்று, மண், அவள் சிரிப்பு.

"இது யார் கை அக்கா?"

"படத்துக்காக நட்டேன் தம்பி. அன்னிக்கே பிடுங்கிட்டேன். வா, இடத்தைக் காட்டறேன்."

"நட்டதனாலதானே பிடுங்குனீங்க?"

அவன் படத்தை ஊர்க்கூட்டத்தில் வைத்தான். தோஃபினிக்குக் கன்றைப் பற்றிக் கவலையா? கறுத்து, கைக்குப் பொலபொலவென்று உதிர்கிற மண்ணின்மேல் அவனுக்கு மூன்று வருடமாகவே கண். பழியைத் தேடிக்கொண்டிருந்தவன் கையில் படத்தைக் கொடுத்தார்கள். பெரியவர்கள் படத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, வழக்கம் வழக்கம்தான், நிலம் அவனுக்கே என்று எழுந்து போனார்கள்.

தலாத்தோ இஸூஃபிடம் ஓடினாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"மண்ணைக் கெடுக்காத பருத்தின்னு நாங்க தர்ற சான்று நிலத்துக்குத்தான் அக்கா, ஆளுக்கு இல்ல. யார் பயிர் வச்சாலும் எடுத்துக்குவோம்."

"அந்த நிலத்தை அப்படி ஆக்குனது யாரு?"

"அதெல்லாம் ஃபாரத்துல கேக்கலையே" என்றான் அவன். பொய் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த அறுப்புக்கு அவள் அதே வயலில் கூலிக்குப் பருத்தி எடுத்தாள். எந்தக் குழி எங்கே என்று அவள் காலுக்குத் தெரியும். கிளெமான்ஸ் மறுபடியும் வந்தாள். ஸாங்கா காயின் சுருள் ஓடிய கழுத்துத்துணி ஒன்றை அவளுக்குப் போர்த்தினாள். துணியில் தொங்கிய அட்டையில் தலாத்தோவின் சிரிப்பு. போன வருடத்துக் கன்று எங்கே என்று கேட்டதற்கு, ஆடு தின்றுவிட்டது என்று இஸூஃப் சொல்லிச் சமாளித்தான். வண்டியிலிருந்து இன்னொரு கன்று இறங்கியது.

தோஃபினி கையை நீட்டினான். ஆனால் படத்துக்குப் பெண்தான் வேண்டுமாம். கூலிக்காரிகளின் வரிசையிலிருந்து தலாத்தோவைக் கூப்பிட்டார்கள்.

"நடுங்க அக்கா," என்றான் தோஃபினி, நல்ல மனதோடுதான். "இப்ப என்ன பயம்? உங்ககிட்டேர்ந்து எடுக்க இனிமே எதுவுமில்லையே."

"கொஞ்சம் சிரிங்க" என்றான் இஸூஃப்.

"போன தடவை சிரிச்சதே போதும்பா."

குனிந்து, கன்றை நேராக நிறுத்தி, வேர் வெளியே தெரியாமல் மண்ணை அணைத்து அழுத்தினாள். ஒழுங்காகவே நட்டாள். இந்த முறை சாயங்காலம் வந்து அதைப் பிடுங்கவேண்டிய வேலை அவளுக்கு இல்லை.