பத்துக் கிலோ குறைத்தால் வருவதாகச் சொன்னார்

கல்யாணமாகி ஆறாவது வருஷம், மதுரையில் ஒரு டாக்டரம்மா என் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "பத்துக் கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் வைத்தியத்தை ஆரம்பிக்கலாம்" என்றார். குழந்தை இல்லாதவர்கள் போகிற ஆஸ்பத்திரி அது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அப்போது என் எடை எழுபத்தெட்டு. அதே மூச்சில் அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சாருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும். சின்ன டெஸ்ட்தான், இன்னைக்கே கொடுத்துட்டுப் போயிரலாம்" என்றார்.

வீட்டுக்காரர் சிரித்தார். "மொதல்ல இவ குறைக்கட்டும் டாக்டர். இவ பத்துக் கிலோ குறைச்ச அன்னைக்கு நான் வாரேன்."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கூமுட்டை!

வெளியே ஒரு நர்ஸ் என்னை உட்கார வைத்துக் கலோரிக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் நூற்றைம்பது வரை கழியும். அவள் கொடுத்த தாளில் ஓட்ஸ் இருந்தது, ஆப்பிள் இருந்தது, உப்பில்லாத சூப் இருந்தது. விருதுநகரில் பிறந்து சிவகாசியில் வாழ்க்கைப்பட்டவள் வாயில் வைக்கிற ஒரு பொருளும் அதில் இல்லை. நானே கேட்டேன்: "எண்ணெய் புரோட்டாவுக்கு எம்புட்டுங்க?" அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒண்ணு தின்னா ஒரு மணி நேரத்துக்கு மேல நடக்கணும், பரவாயில்லையா?" என்றாள்.

நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடக்க எங்கே இடம் என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் வீடு அச்சாபீஸ் வீடு. தீபாவளி வரை பட்டாசுக் கட்டுகளுக்கு லேபிள், அது முடிந்தால் காலண்டர். மறுநாள் விடியலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாரணாபுரம் ரோட்டில் கையை வீசி நடந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தெரிந்தவர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "கார் ரிப்பேரா? ஏறுங்க, விட்டுறேன்" என்றார். அடுத்து ஒரு ஆட்டோ. அதற்கடுத்து, பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன். அதிலிருந்த பெண்கள் மொத்தப் பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான் வீடு திரும்புவதற்குள் போன் வந்துவிட்டது. அச்சாபீஸ் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்தே போகிறாள் என்று!

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கையில் பையும் இல்லாமல், பக்கத்தில் ஆளும் இல்லாமல், விறுவிறுவென்று நடந்தால் அதற்கு அது ஒன்றுதான் அர்த்தம். வாசலில் என் மாமியார் நின்றிருந்தார். "ஏ புள்ள, ஊர் வாயில விழுந்தது போதும். நடக்கணும்னா மொட்டை மாடி கெடக்கு, அங்கன நட."

மொட்டை மாடி நீளவாக்கில் இருபத்தாறு எட்டு, குறுக்கே பதினைந்து. நடுவில் தண்ணீர்த் தொட்டி. காலையில் நூறு சுற்று, சாயங்காலம் நூறு சுற்று. எண்ணிக்கை தப்பாமல் இருக்கப் பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைக் கைப்பிடிச் சுவரில் வைப்பேன். கீழே மெஷின் ஓடினால் காலடியில் தளம் அதிரும். கொஞ்ச நாளிலேயே ரோட்டில் போகிற எதையும் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினேன். பஸ்ஸைப் பார்த்தால் அழுகை வந்தது. சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் போகிற சாதாரண பஸ்தான். அதில் ஏறி நான் எங்கேயும் போகப்போவதில்லை, ஆனாலும் வந்தது.

அந்த மாதமே மாமியார் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். குலசாமி கோயிலில், குழந்தை பிறந்தால் மருமகள் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். நேர்ந்த எடை தெரிய வேண்டுமே? காகித குடோனுக்கு என்னைக் கூட்டிப்போய், ரீல் நிறுக்கிற தராசில் ஏறச் சொன்னார். லோடு இறக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். "எழுபத்தெட்டு" என்று கணக்குப்பிள்ளை சத்தமாக வாசித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

இறங்கியதும் மாமியார் என் கன்னத்தைத் தடவினார். "சாமிகிட்ட எழுபத்தெட்டுன்னு சொல்லியாச்சு தாயி. இனிமே ஒரு கிலோ குறைஞ்சாலும் சாமிய ஏமாத்துன மாதிரி. நல்லாச் சாப்பிடு. பட்டினி கெடக்குற வயித்துல புள்ள எப்படித் தங்கும்?"

டாக்டருக்கு அறுபத்தெட்டு வேண்டும், சாமிக்கு எழுபத்தெட்டு வேண்டும். நடுவில் நான். மூன்று இட்லி வைத்தால் ஒன்றை முந்தானைக்குள் மறைத்துக் கொல்லையில் காக்காய்க்குப் போட்டேன். சோற்றுக்கு முன்னால் ஒரு சொம்பு மோர் குடித்து வயிற்றை நிரப்பினேன். எடை குறைவது தெரியாமல் இருக்க ரவிக்கையை நானே உள்ளே பிடித்துத் தைத்தேன், புடவையை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். திருடி மாதிரி ஒல்லியானேன். எழுபத்தாறு. எழுபத்தைந்து.

வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் புரோட்டா வாங்கி வருவார். எண்ணெயில் பொரித்த புரோட்டா நாலு, சால்னா தனியாக. அது அவர் பிரியத்தைக் காட்டுகிற விதம், கல்யாணமான நாளிலிருந்தே வழக்கம். எழுபத்தைந்துக்கு வந்ததைப் பூரிப்போடு அவரிடம் மட்டும் சொன்னேன். "பரவாயில்லையே!" என்றார். அந்த வாரம் புதன்கிழமையும் பார்சல் வந்தது.

எழுபத்து மூன்று என்றேன். சாத்தூரிலிருந்து காராச்சேவு இரண்டு கிலோ வந்தது. எழுபத்தொன்று என்றேன். பால்கோவா வந்தது. "எல்லாரும் கண்ணு வைக்கிறாங்க, முகம் வாடிப்போச்சு, தின்னு" என்று ஊட்டியும் விட்டார். ஊட்டிவிடுகிற கையை எப்படித் தட்டிவிடுவது? தின்றுவிட்டு மாடிக்கு ஓடினேன். ஒரு ராத்திரி படிக்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் குறையக் குறைய இவர் ஏன் கூட்டுகிறார்?

கேட்டுவிட்டேன். "ஏங்க, நான் பத்துக் குறைச்சா நீங்க மதுரைக்கு வரணுமே, அதுக்கா இதெல்லாம்?"

"பைத்தியமா நீ? ஆசையா வாங்கியாந்தா இப்படிப் பேசுவியா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி பார்சல்.

மாமியார் கண்டுபிடித்தது இருக்கன்குடியில். வெள்ளிக்கிழமை அம்மனைப் பார்க்கப் போயிருந்தோம். ஆற்றில் குளித்துவிட்டு வந்த என்னை ஈரப் புடவையில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏ புள்ள! எங்கடி போச்சு உன் உடம்பு?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், காக்காய்க்குப் போட்ட இட்லி உட்பட. சாமிக்கு ஆகாத காரியம் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை, எனக்கு ஒரு பிள்ளை வேண்டும், வேறு வழி தெரியவில்லை என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாமியார் தன் துண்டால் என் தலையைத் துவட்டினார். "இன்னும் எம்புட்டுக் குறையணும்?"

"மூணு கிலோ."

"குறைச்சிரு. சாமிகிட்ட நான் பேசிக்கிடுறேன். வெல்லம் எழுபத்தெட்டே போடுவோம், நீ எம்புட்டு இருந்தாலும் சரி."

அன்றிலிருந்து இரண்டே இட்லி வைத்தார். மகன் கொண்டுவருகிற பார்சலை வாசலிலேயே வாங்கி மெஷின்காரர்களிடம் கொடுத்தார். "ஏலே, வீட்டுல சோறு இல்லையா?" என்று அவரை அதட்டினார். சாமியே இறங்கி வந்துவிட்டது, இனி என்ன தடை என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் சீசன் முடியவில்லை. தீபாவளி லேபிள் முடியட்டும் என்றார், காலண்டர் ஆர்டர் முடியட்டும் என்றார். எங்கள் ஊரில் சீசன் இல்லாத மாதம் எது? ஒரு நாள் மாமியார் போட்ட சத்தத்தில் காரை எடுத்தார்.

மதுரையில் நர்ஸ் என்னைத் தராசில் ஏற்றினாள். அறுபத்தெட்டு. அவளே கைதட்டினாள். டாக்டரம்மா என் முதுகில் தட்டிக்கொடுத்து, "இவ்வளவு சரியா குறைச்சிட்டு வந்தவங்க குறைச்சல்ம்மா. சார் எங்க?" என்றார்.

"காரை நிறுத்த இடமில்ல, வெளிய நிக்கிறாக. கூட்டிட்டு வாரேன்."

டெஸ்டுக்கான சின்ன டப்பாவைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓட்டமாக வெளியே போனேன். காரை நிறுத்த எத்தனையோ இடம் இருந்தது. அவர் வேப்பமரத்தடியில், இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கினார்.

"அறுபத்தெட்டுங்க! வாங்க, டாக்டர் கூப்பிடுறாக."

உறையைப் பார்த்தார். வாங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேயே அழுதிருப்பேன். வைத்தியமே வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"இன்னும் ஒரு அஞ்சு கிலோ குறைச்சிரேன்," என்றார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உடம்புக்கும் நல்லதுதானே. பெறகு கண்டிப்பா வாரேன்."

அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். பிறகு கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த ஐந்தையும் குறைத்தேன். மாசி மாதத்துக்குள் அறுபத்து மூன்றுக்கு வந்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து எந்த எடையைச் சொல்வாரோ என்று பயமாக இருந்தது.