மாமா போட்ட லைன்

கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் ஃபைபர் கேபிளைச் சரியாகப் புதைத்திருக்கிறார்களா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆபீஸ் பெரம்பலூரில். கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு லைனைப் பார்க்கப் போன அன்றுதான், அங்கே பள்ளம் தோண்டிக் கேபிள் போட்ட காண்ட்ராக்டர் என் தாய்மாமா என்று தெரிந்தது.

என்னை இன்ஜினியரிங் சேர்க்க அலைந்தவர் அவர். என்னைக் கண்டதும் ஆட்களிடம், "எங்க அக்கா மவ. இனிமே நமக்கு என்ன கவலை?" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கேபிள் முனையில் டெஸ்ட் மெஷினை மாட்டி ஒளியைச் செலுத்தினால், அது எங்கே குறைகிறது என்று திரையில் ஒரு கோடு காட்டும். சீராக வந்த கோடு ஓரிடத்தில் படிபோல இறங்கியது. முனையில் தூசி இருக்கும் என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே படி. தூசியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொரு தடவையும் துடைத்தேன்.

"அந்த எடத்துல தோண்டிப் பாக்கணும் மாமா."

அவர் என்னைத் தனியே கூட்டிப்போனார். "சுண்ணாம்புப் பாறை பாப்பா, கடப்பாறையே எறங்கல. நீதான் பாக்க வரேன்னு சொன்னாங்க. அதான் ஆழமாத் தோண்டாம மேலாப்புலயே விட்டுட்டேன்."

என்னை நம்பித்தான் அப்படிப் போட்டிருக்கிறார். முகமெல்லாம் சுட்டது எனக்கு.

"சிமெண்ட் லாரி போற ரோடு மாமா. கேபிள் தாங்காது."

அவர் ஆட்கள் பக்கம் திரும்பிச் சத்தமாக, "தோண்டுங்கடா. மேடம் பாக்கணுங்கிறாங்க," என்றார்.

மேல்மண்ணை விலக்கியதுமே கேபிள் தெரிந்தது. பாறை விளிம்பில் மடங்கிக் கிடந்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மெஷினைப் பெட்டிக்குள் வைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பாறை உடைக்கும் வண்டியை வரவழைத்து ஆழமாகத் தோண்டி, அந்தப் பகுதிக்குப் புதுக் கேபிள் போட்டார். திரும்ப டெஸ்ட் செய்தபோது கோட்டில் குறை எதுவும் இல்லை.

"சரியா இருக்குங்களா?" என்று தள்ளி நின்று கேட்டார். என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனுஷன்.

"நல்லா இருக்கு மாமா." அவர் தலையை ஆட்டிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் கேட்ட அம்மா, "வூட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? நாலு பேரு முன்னாடியா அவன நிக்க வெப்ப?" என்றாள். கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு மாமா எடுக்கும் லைன்களுக்கு வேறு ஆளை அனுப்பும்படி ஆபீஸில் சொல்லிவிட்டேன். மாமா இப்போது நன்றாகவே போடுகிறாராம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தார், ஹாலில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கிளம்பும்வரை நான் சமையலறையில் நின்றேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.