அம்மா நடந்த வழி

மகளின் கைக்கு ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டார்கள். அந்த ஈர மாவின் வாசம் என்னைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோனது. அப்போது எனக்கு எட்டு வயது.

அம்மா வீட்டில் தையல் வேலை செய்தார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில், மீன் விற்கும் நிமலை ஒரு பொலிஸ் சார்ஜன்ட் காரணமில்லாமல் பொல்லால் அடித்தார். தடுக்கப்போன அம்மாவுக்கும் அடி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாக்கட்டோடு போய் முறைப்பாடு கொடுத்தார்.

அப்பாவுக்குப் பயம். "பொலிசோட எங்களுக்கேன் வழக்கு? விடும்."

"படியில விழுந்து கை முறிஞ்சதெண்டு பொலிசில எழுதித் தரட்டாம். நான் விழேல்லையே," என்றார் அம்மா.

இரண்டு வருடம் தவணை தவணையாகக் கோர்ட்டுக்குப் போனார். நிமல் சிங்களத்திலும் அம்மா தமிழிலும் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள். நீதவான் சார்ஜன்டைக் குற்றவாளி என்றார். பிறகு சார்ஜன்டின் வேலையும் போனது.

தீர்ப்பன்று கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் அப்பா பஸ்ஸுக்குத் திரும்பினார்.

"வேண்டாமப்பா, நடப்பம். ஸ்டேஷன் வாசலால போவம்," என்றார் அம்மா.

என் கையைப் பிடித்தபடி அம்மா பொலிஸ் ஸ்டேஷனை மெதுவாக, மிக மெதுவாகக் கடந்தார்.

"ஏனம்மா சிரிக்கிறீங்கள்?" என்றாள் மாக்கட்டுக் கையோடு இருந்த மகள்.

"உன்ர அம்மம்மா ஒருக்கா ஒரு சார்ஜன்டை வீட்டுக்கு அனுப்பினவ," என்றேன்.