பாப் எந்த வழியில் மாமா?

எழுபதுகளின் தொடக்கத்தில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் நான் வேலை பார்த்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன துரை, சல்லடைத் தட்டை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று ஒருநாள் காட்டினார். இதை இழு, அதைத் திருப்பு, இங்கே அழுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தட்டு டக்கென்று உட்கார்ந்ததும், "பாப்ஸ் யுவர் அங்கிள்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் பாரம் வரை படித்தவள் நான். பாப் உன்னுடைய அங்கிள். அதுவரை புரிந்தது. யார் அந்த பாப்?

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அங்கிள் என்றால் சித்தப்பாவாகவும் இருக்கலாம், பெரியப்பாவாகவும் இருக்கலாம், தன் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை என்று அப்பா கழன்றுகொண்டார். அம்மாதான் வேறு கணக்குப் போட்டார். மாமா என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு மகன் இருப்பானே, துரை சுற்றி வளைத்துப் பெண் கேட்கிறாரோ என்று சந்தேகம். "ரசம் குடிப்பானாடி அவன்?" என்று படுக்கப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்தி காய்கறி லோரி வழியாகக் கோலா தெர்லாவுக்குப் போனது. அங்கே முட்டைக்கோசு பயிரிட்டுவந்த என் அம்மாவின் ஒரே அண்ணன், தன் மகனுக்கு நான்தான் என்று என்னைக் கேட்காமலே முடிவு கட்டியிருந்தவர். அந்த வாரமே வெள்ளை வேட்டியும் கம்பளி ஸ்வெட்டருமாகத் தோட்டத்து ஆபீசில் வந்து இறங்கினார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இந்தப் புள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அந்த பாப்ப வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார் சின்ன துரையிடம்.

கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி இதை மென்று விழுங்கி ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் காது சிவந்துவிட்டது. அது சும்மா ஒரு பேச்சு, வேலை சுலபமாக முடிந்தது என்று அர்த்தம், ஆள் யாரும் இல்லை என்றார். மாமா விடவில்லை. ஆளே இல்லாமல் பேர் மட்டும் எங்கிருந்து வந்தது? துரை யோசித்தார். சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறாராம், ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லையாம். கிரிக்கெட்டிலிருந்து வந்திருக்கும் என்று கிராணி தானாக ஒன்றை எடுத்துவிட்டார். அது எடுபடவில்லை. நால்வருமாகத் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் அறைக்குப் போனோம்.

பெரிய துரை பொறுமையாகக் கேட்டார். தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் ஒரு பிரதம மந்திரி தன் உடன்பிறப்பின் மகனுக்குப் பெரிய பதவி கொடுத்தாராம். மந்திரியின் செல்லப் பெயர் பாப். பாப் உனக்கு அங்கிளாக இருந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று சனங்கள் கிண்டல் செய்தார்களாம். இது நிஜமா என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார்.

மாமா ஒன்றே ஒன்று கேட்டார். பதவி வாங்கியவன் அண்ணன் தம்பி மகனா, அக்கா தங்கச்சி மகனா? பெரிய துரை மோவாயைத் தடவிக்கொண்டு, சகோதரி மகன் என்றார்.

"அப்பத் தாய்மாமன்தான் லா. நான் அப்பவே சொல்லல?"

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பேச்சு இவ்வளவு தூரம் வந்த பிறகு சும்மா போவானேன் என்று, தொழிற்சாலையில் தன் மகனுக்கு ஒரு வேலை போட்டுத் தரும்படி மாமா கேட்டார். கிராணி நெளிந்துகொண்டே மொழிபெயர்த்தார். பெரிய துரை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, தன்னால் சகோதரி மகனுக்குத்தான் வேலை கொடுக்க முடியும், தனக்குச் சகோதரியே கிடையாது என்றார்.

சின்ன துரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மாமாவுக்குக் கோபமே வரவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"கூடப் பொறந்தவ ஒருத்திகூட இல்லாத மனுசன், பாவம். இனிமே அவரப் பாத்தா ஒரு வார்த்த நல்லாப் பேசு."

சரி என்று சொல்லிவிட்டுத் தூள் சலிக்கப் போனேன்.