இரண்டு அறையும் ஒரு பேஜும்

மார்க்கெட்டிங் என்ற சொல்லை என் தங்கை போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தமானில் எங்கள் லாங் ஐலண்டில் மார்க்கெட் என்றால் நாலு கடை. படகு வந்தால் காய்கறி, வராவிட்டால் பருப்பு. இதில் நான் என்னத்தை மார்க்கெட்டிங் பண்ணுவது?

"சிரிக்காதக்கா. இப்ப எல்லாரும் போனப் பாத்துட்டுத்தான் ரூம் எடுக்குறாங்க. நீ ஃபேஸ்புக்ல ஒரு பேஜ் ஆரம்பி" என்றாள். அவள் போர்ட் பிளேரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு உலகத்தில் எதுவுமே கஷ்டமில்லை.

என் வீட்டுக்காரர் தச்சர். சுனாமிக்குப் பிறகு சில வருஷம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை இருந்தது. வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய குடியிருப்புகளுக்கெல்லாம் கதவும் ஜன்னலும் செய்து, தீவு தீவாகப் போய் மாட்டிவிட்டு வந்தார். வீடுகள் கட்டி முடிந்ததும் வேலையும் முடிந்தது. "கடல் கொண்டுபோன வீட்டுலதான் நாம சோறு தின்னோம்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவே இல்லை.

மிச்சமிருந்த மரத்தை வைத்து வீட்டை ஒட்டி இரண்டு அறை போட்டோம், டூரிஸ்டுகளுக்கு விடலாம் என்று. படகு வரும்போதெல்லாம் அவர் துறைக்குப் போய் நிற்பார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களிடம், "ரூம் சாஹியே, சாப்?" என்று கேட்பார். எங்கள் ஊரில் இறங்குகிறவர்களே குறைச்சல். இறங்கினாலும் கடற்கரையைப் பார்த்துவிட்டு அடுத்த படகில் போய்விடுவார்கள்.

இதற்கிடையில் அவருடைய அண்ணன் சென்னையிலிருந்து விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை, மாடிப்படிக்குக் கீழே தங்க ஒரு ரூம், ரெண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று. ஒருநாள் இவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த சீசன் மட்டும் பாப்போம். ஆளு வரலேன்னா கெளம்பிருவோம்."

நான் பிறந்தது இந்தத் தீவில். மெயின்லேண்டுக்குப் போனதெல்லாம் கல்யாணம், கருமாதி என்றுதான். யாரோ ஒருத்தர் ஏறி இறங்குகிற படிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வதா? மறுநாளே தங்கையைக் கூப்பிட்டு, "அந்தப் பேஜ் எப்படிடி ஆரம்பிக்கிறது?" என்றேன்.

ஆரம்பிப்பது சுலபம். அதற்கப்புறம்தான் நாய் படாத பாடு. நெட் சிக்னல் படகுத்துறையின் கடைசி விளக்குக் கம்பத்தடியில்தான் கிடைக்கும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். உலையை அடுப்பில் வைத்துவிட்டு ஓடுவேன். ஒரு படத்தைப் போட்டால் அந்த வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பாதியில் நின்றுபோகும். மறுபடி போடுவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சோறு அடிப்பிடித்திருக்கும். மீன்பிடிக்கப் போகிற பெங்காலிக்காரர்கள், "தீதி, யாருக்கு லவ் லெட்டர்?" என்று கேலி பண்ணுவார்கள். "உங்கப்பனுக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அறைகளைப் படம் எடுத்து அனுப்பியபோது தங்கை ஒத்துக்கொள்ளவே இல்லை. "தகர ஷீட்டையும் பிளாஸ்டிக் வாளியையும் யாருக்கா பாப்பாங்க? பீச்சப் போடு, சூரியனப் போடு." போட்டேன். லைக் வந்தது. எல்லாம் சித்தப்பா மகன், பெரியம்மா மருமகள். அவர்கள் வந்தால் ஓசியில்தான் தங்குவார்கள். பிறகு முன்பின் தெரியாத ஆண்கள் 'ஹாய்' என்று வந்தார்கள், 'சாப்டிங்களா' என்று வந்தார்கள். ஒரு மகராசன், 'அங்கே மறுபடி சுனாமி வருமா?' என்று கேட்டிருந்தான். 'வந்தால் உங்களுக்குத் தந்தி அடிக்கிறேன்' என்று பதில் போட்டேன். தங்கை போனில் கத்தினாள். "கஸ்டமர்கிட்ட இப்படியாக்கா பேசுவ?" கஸ்டமராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கடலில் எறிந்திருப்பேன், வாங்கிக் கொடுத்தது அவள்தான் என்பதால் விட்டேன்.

பேஜுக்கு நான் முதலில் வைத்த பெயர் மேட்டு வீடு. ஊரில் எங்கள் வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். அதை யாரும் தேட மாட்டார்கள் என்றாள் தங்கை. பெரிய ஆட்களின் பேஜையெல்லாம் பார்த்து அதே மாதிரி பண்ணு என்றாள். சரியென்று, டூரிஸ்டுகள் குவிகிற ஹேவ்லாக் தீவின் ரிசார்ட்டுகளையெல்லாம் கம்பத்தடியில் நின்று பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலம், கனவு, கூடு என்று ஏதாவது ஒன்று இருந்தது. மூன்றையும் இங்கிலீஷில் சேர்த்து எங்களுக்கும் ஒரு பெயர் வைத்தேன். ஒரு ரிசார்ட்டின் பேஜில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். படகுத்துறையில் வந்து கூப்பிடும் புரோக்கர்களை நம்பாதீர்கள், இப்படி ஓர் இடமே இல்லை என்பார்கள், தங்கள் அறைக்கு இழுத்துப்போவார்கள் என்று. அதைப் படித்ததும் அது எவ்வளவு பெரிய இடம் என்று எனக்குத் தோன்றியது. அப்படியே எடுத்து எங்கள் பேஜிலும் போட்டேன். எங்கள் ஊரில் புரோக்கர் கிடையாது. இருந்திருந்தால் அவனும் பட்டினிதான் கிடந்திருப்பான்.

"என்னமோ பேரு மாத்திருக்கேன்னியே, என்ன பேரு?" என்று இவர் ஒருநாள் கேட்டார்.

"சொன்னா மட்டும் உங்க வாயில நுழையப்போகுதாக்கும்? நீங்க போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சீசன் பாதி போன பிறகு ஒரு மெசேஜ் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி. ரூம் இருக்கிறதா, கடற்கரை நடக்கிற தூரமா என்று கேட்டிருந்தார்கள். தங்கை சொல்லச்சொல்ல இங்கிலீஷில் பதில் அனுப்பினேன். கட்டாயம் வருகிறோம், தேதியைப் பிறகு சொல்கிறோம் என்று எழுதினார்கள். வீட்டுக்கு ஓடிவந்து அவரிடம் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் உடனே எழுந்தார். உளியை எடுத்துக்கொண்டுபோய், மழையில் ஊதிப்போயிருந்த அறைக் கதவைச் செதுக்கிச் சரிபண்ண ஆரம்பித்தார். கட்டிலுக்கு வார்னிஷ் அடித்தார். நான் புது பெட்ஷீட் இரண்டு வாங்கினேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. சிக்னல் செத்தது. தினமும் நனைந்துகொண்டே கம்பத்தடிக்குப் போய் நின்று, வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வருவேன்.

மழை விட்ட அன்று படகு வந்தது. வழக்கம்போல இவர் துறைக்குப் போனார். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்னங்க?"

"ரெண்டு பேரு எறங்குனாய்ங்க. நல்ல ஆளுகதான். ஏதோ லாட்ஜு பேரச் சொல்லி வழி கேட்டாய்ங்க. அப்படி ஒண்ணும் இங்க இல்ல சாப், யாரோ ஒங்கள ஏமாத்திருக்கான், நம்மகிட்ட ரெண்டு ரூம் இருக்கு, வாங்கன்னேன். அவ்வளவுதான். அந்த ஆளு எகிறிட்டான்."

"எகிறுனானா? எதுக்கு?"

"ஒன்னமாரி ஆளெல்லாம் தெரியும், தூரப் போடா தலாலு, புரோக்கர் பயலேன்னுட்டான். டிக்கெட் குடுக்குற ஆளு சொன்னாரு, டீக்கடைக்காரரு சொன்னாரு, அந்தப் பேருல இங்க ஒண்ணுமே இல்லேன்னு. எல்லாரும் கூட்டுக் களவாணியாம். போன எடுத்துக் காட்டப் பாத்தான், சிக்னல் இல்ல. வந்த படகுலயே ஏறி ரங்கத் டவுனுக்குப் போயிட்டாய்ங்க. இத்தன வருசத்துல என்னைய ஒருத்தன் ஃப்ராடுன்னு சொன்னதில்ல புள்ள. ஊரு பூரா வேடிக்க பாக்குது."

"என்ன பேரு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன எழவோ. ப்ளூங்குறான், ட்ரீமுங்குறான், நெஸ்ட்டுங்குறான்."

மறைத்திருக்கலாம். எனக்கு மறைக்கத் தெரியாது. அது நம்ம வீடுதாங்க என்றேன். பேர் மாற்றியதைச் சொன்னேன், சிவப்பு எழுத்தில் போட்டதையும் சொன்னேன். படபடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "ஐயோ, ஓடிப்போய்ப் படகப் புடிக்க முடியாதாங்க?" என்று அழுதேன். படகு எப்போதோ கண்ணுக்கு மறைந்திருந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ராத்திரிக்குள் சரியாகியிருக்கும்.

"நம்பாதேன்னு எழுதுனது நீயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களச் சொல்லலீங்க. எல்லாரும் போடுறாங்கன்னு சும்மா..."

"படகடியில போயி நிக்கிறது இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான புள்ள" என்றார்.

மறுநாள் சிக்னல் வந்தது. அவர்கள் வருகிற தேதியைச் சொன்ன மெசேஜும், பேஜில் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிய திட்டும் ஒன்றாக வந்து விழுந்தன. இப்படி ஓர் இடமே கிடையாது, ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பியதற்குப் பதில் இல்லை. "இது ஒரு விஷயமாக்கா? பழசத் தூக்கிட்டு வேற பேஜ் ஆரம்பிச்சாப் போச்சு" என்றாள் தங்கை. நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் இவர் படகு பார்க்கப் போகவில்லை. சங்கு ஊதுகிற சத்தம் கேட்டால் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். நான் போய் நின்றேன். யாரும் வரவில்லை. சீசன் முடிந்தது.

கப்பல் டிக்கெட் எடுக்கப் போர்ட் பிளேருக்குப் போனார். தோற்றுவிட்டோம், இனி படிக்குக் கீழேயோ பாலத்துக்குக் கீழேயோ, கூட இவர் இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். தகரப்பெட்டியில் இரண்டு பேர் துணியையும் மடித்து அடுக்கினேன்.

திரும்பி வந்தவர் டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். ஒரு டிக்கெட்.

"நீ இங்கயே இருந்து பாத்துக்க. ஆளு இல்லேன்னா ரூமுல கரையான் ஏறிரும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டைக்குப் போகிறவள் நான். அன்று, அவர் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்து என் துணிகளை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன்.