அப்பா பிடுங்கிய வேலி

வேலி என்றால் அப்பாவுக்கு உயிர். யாழ்ப்பாணத்தில் ஒரு முழ வேலிக்காகச் சொந்தத் தம்பியோடு வழக்காடிக் கோடேறி, பேச்சையும் விட்டு, அந்தக் கோபத்தையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் மெல்பேணுக்கு வந்தவர். டண்டினோங்கில் வீடு வாங்கியதும் குசினிக்குக் கதிரை வாங்கவில்லை, வேலியைத்தான் புதுப்பித்தார். அம்மா பழப்பெட்டியில் குந்தியிருந்துதான் கறிக்கு வெட்டினார். அது வேறு கதை.

எங்கள் வளவுக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணியை, அப்பாவோடு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் வாங்கினார். எப்போதும் விசிலடிக்கிற கட்டை மனுசன். அப்பாவை "குயா" என்பார். அவர்கள் பாஷையில் அண்ணா. அப்பா அதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார்.

அவருடைய மனைவியும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வந்திறங்க இருந்தார்கள். அவர் இருந்ததோ ஆண்கள் மட்டும் தங்கும் விடுதி. காணி இருந்தது, வீடு இல்லை. அடுத்த தெருவில் புதுவீடு கட்டுகிற ஒருவர், பின்வளவில் நின்ற ஒற்றை அறைப் பலகைவீட்டை, சனிக்கிழமைக்குள் கொண்டுபோனால் சும்மா தருவதாகச் சொன்னார். தூக்கி வருவோம் என்றார் இவர். அவர்கள் ஊரில் அப்படித்தானாம்: ஊர் கூடி, மூங்கிலைக் கீழே கொடுத்து, வீட்டையே தோளில் காவிக்கொண்டு நடப்பார்களாம்.

"விசரே உங்களுக்கு? நாரி பிடிச்சு நிமிரேலாமக் கிடந்தா நான்தான் எண்ணெய் பூசவேணும்," என்றார் அம்மா.

"நான் சும்மா பாக்கத்தான் போறன்," என்றார் அப்பா.

நான் படித்தது குறைவு, படித்ததும் மறந்துபோயிற்று. எதை மறந்தாலும் அந்த வீடு நடந்த வழி மறக்கவில்லை. தொழிற்சாலைக் கிரேக்கரும் இத்தாலியரும் வந்தார்கள். மூங்கில் இல்லை, இரும்புக் குழாய். நான் உள்ளே புகுந்துகொண்டேன். வீட்டுக்குள் பிள்ளை இருந்தால் நல்லது என்று பிலிப்பைன்ஸ் அங்கிள் சிரித்தார். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, வீடு எழும்பியது. ஜன்னலுக்கு வெளியே தபால்பெட்டிகள் பின்னால் போயின. ஒரு கிழவி தன் வீட்டு வாசல் படலையில் நின்று சிலுவை போட்டாள். சும்மா பார்க்கப் போன அப்பாவின் வழுக்கை எனக்கு நேர் கீழே வியர்த்துக்கொண்டு வந்தது.

எங்கள் வேலியோரமாக அவர் காணிக்குப் போகிற ஒழுங்கையில் வீடு இறுகிவிட்டது. அவர் வீட்டை அளந்திருந்தார். காவுகிறவர்களின் தோளை அளக்கவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு வேலியே இல்லாதவருக்கு அந்த யோசனை எப்படி வரும்? மழை இருட்டியது. வீட்டை இறக்கிவிட்டு எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். அவர் விசிலை நிறுத்தி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய், உள்ளுக்கு நிண்டு என்ன புதினம் பாக்கிறாய்? ஓடிப்போய் அலவாங்கை எடுத்துக்கொண்டு வா!"

"என்னத்துக்கு அப்பா?"

"வேலி புடுங்க."

குசினி ஜன்னலில் அம்மா வாயைப் பொத்தினார். முதல் பலகையை அப்பாவே அலவாங்கால் நெம்பினார். பிறகு வீடு எங்கள் மிளகாய்க் கன்றுகளுக்கு மேலால் கப்பல் மாதிரிப் போய் அவர் காணியில் இருந்தது. அன்று எழும்பின கூச்சலுக்குத் தெரு நாயெல்லாம் குரைத்தது.

மறுநாள் அவர் மகள் அந்த வீட்டு வாசலில் நின்று எனக்கு நாக்கை நீட்டினாள்.

வேலியில் பிடுங்கிய அந்த இடைவெளியை அப்பா பிறகு அடைக்கவே இல்லை. அவருக்கு வேலை செய்யப் பஞ்சி என்று நினைத்துக்கொண்டு நானும் அவளும் அதற்குள்ளால் ஓடித்திரிந்தோம். பின்வீட்டிலிருந்து "குயா!" என்று கேட்டால், "என்னடா தம்பி?" என்று அப்பா தமிழிலேயே குரல் கொடுப்பார்.

பாவம், அப்பாவுக்கு இங்கிலீஷ் மறந்து போச்சு என்று நினைத்தேன்.